தொப்பிக்குக் கீழே தெரியும் மரம்

என் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு தொப்பி தொங்குகிறது. கடைக்குச் சாயம் அடித்த வருஷம் ஏதோ ஒரு பெயிண்ட் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்தது. அப்போது நீல நிறம். இப்போது என்ன நிறம் என்று கேட்டால் அந்தக் கம்பெனியாலேயே சொல்ல முடியாது. அதைப் போட்டுக்கொண்டால் ஏணியைத் தொலைத்துவிட்டு நிற்கும் பெயிண்டர் மாதிரி இருக்கிறேன் என்பது என் மனைவியின் அபிப்பிராயம். என் தோற்றத்தைப் பற்றி அவள் சொன்னவற்றில் இதுதான் கொஞ்சம் கௌரவமானது. தொப்பியின் முன்பக்க விளிம்பில் நட்டநடுவே ஒரு மடிப்பு ஓடுகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பல வருஷம் ஒரே இடத்தில் பிடித்து இழுத்து இழுத்து விழுந்த மடிப்பு. அந்த விரல்கள் என் மைத்துனனுடையவை. என் மனைவிக்கு ஒரே தம்பி. ஒரு மரத்துக்கு எதிரே நின்றுகொண்டு, திருட்டுத்தனமாக நிமிர்ந்து இலையைப் பார்க்க நான் யோசிக்கும் அதே விநாடியில் அந்தக் கை வரும். விளிம்பைப் பிடித்துக் கீழே ஒரே இழுப்பு. வானம், தெரு, எதிர்வீட்டு மாடி எல்லாம் போய்விடும். மூக்குக்கு நேரே மரப்பட்டை மட்டும் மிஞ்சும்.

"இலையப் பாத்து மரத்தச் சொல்ல ஆடு போதும் அத்தான். நீங்க எதுக்கு?"

எங்கள் குடும்பத்துக்குத் தி.நகரில் பாத்திரக் கடை. 'எங்கள்' என்று நான் சொன்னால் கடையில் யாராவது ஒருவர் இருமுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து என் மாமனார் போட்ட கடை அது. பெண்ணைக் கொடுத்த கையோடு கடையில் ஒரு நாற்காலியும் கொடுத்தார். அதில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வம்பளப்பது என் இலாகா. சரக்கு எடுப்பது, விற்பது, கடையை நடத்துவது போன்ற சில்லறை வேலைகள் மைத்துனன் இலாகா. அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பாத்திரம் வந்தாலும் முதலில் கண்ணால் பார்க்க மாட்டான். விரல் முட்டியால் ஒரு தட்டு, உள்ளங்கையால் ஒரு தடவல். அடி கனமா, ஒட்டுப் போட்டதா, பித்தளையில் என்ன கலந்திருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு அதிலேயே தெரிந்துவிடும். "பாலிஷெல்லாம் கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளைக்குப் போடுத பவுடர் மாதிரி அத்தான். ஒரு வாரத்துல வண்டவாளம் தெரிஞ்சிரும்," என்பான். சொல்லிவிட்டு வேண்டுமென்றே என்னைப் பார்ப்பான்.

அடையாறில் ஒரே கட்டடத்தில் மேல் வீடு அவனுடையது, கீழ் வீடு எங்களுடையது. அவனுக்குச் சர்க்கரை வந்து டாக்டர் நடக்கச் சொன்னபோது, சர்க்கரை அவனுக்கு மட்டும், நடை எனக்கும் சேர்த்து என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. நடக்கப் போன இடத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை மரம் பார்க்கும் கூட்டத்தில் மாட்டினோம். ஒரு வாரம் கோட்டூர்புரம், ஒரு வாரம் லஸ் பக்கத்துப் பூங்கா, ஒரு வாரம் கிண்டிக் காட்டின் ஓரம். கூட்டத்துக்குத் தலைவி மயிலாப்பூர்க்காரர், தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா. அவர் வைத்த சட்டம் எளிமையானது. நாட்டு மரங்கள் மட்டும். முதலில் பட்டை, அப்புறம் கிளை பிரிகிற விதம். இலை கடைசியில், விடை சரியா என்று பார்த்துக்கொள்ள மட்டும். "இலை கொட்டும். புயல்ல போகும். கரண்ட் கம்பில படறதுன்னு வந்து கிளையோட வெட்டிண்டு போவா. பட்டை எங்கேயும் போகாது," என்று அவர் சொன்ன முதல் நாளே மைத்துனன் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டான். பவுடரைத் துடைத்துவிட்டுப் பார்க்கிற வேலை, அவனுக்குப் புதிதா என்ன? நான் சேர்ந்தது, எல்லாம் முடிந்தபிறகு மயிலாப்பூரில் அவர்கள் சாப்பிடப் போகும் பொங்கலுக்காக.

கொஞ்ச நாளில் அவன் டீச்சரம்மாவுக்கே ஈடுகொடுக்க ஆரம்பித்தான். ஆனால் அவன் பாஷை கடையை விட்டு வரவில்லை. நீர்மருதின் வழவழப்பான வெளிறிய பட்டையைத் தடவி, "இது புதுசா ஈயம் பூசின பாத்திரம்," என்பான். கறுத்து வெடித்த மகிழமரம் அடிப்பிடித்த அண்டா. வழவழப்பாக இருந்தாலும் அங்கங்கே புடைத்துக்கொண்டிருக்கும் புங்கம், கீழே போட்டு நெளிந்த தவலை. இலவ மரத்தில் கிளைகள் ஒரே மட்டத்தில் சுற்றிலும் நீட்டி, கொஞ்சம் இடம் விட்டு அடுத்த சுற்று நீட்டும். அது டிபன் கேரியர். நாவலுக்கு அவன் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடிக்கும். அடிமரம் கருகருவென்று செதில் செதிலாக இருக்கும், மேலே போகப்போக சாம்பல் நிறத்தில் பளிச்சென்று ஆகும். "அடுப்புல ஏறின பாத்திரம் அத்தான். கீழ கரி, மேல வெளுப்பு." தூங்குமூஞ்சி மரத்தையும் குல்மொஹரையும் நான் பாராட்டினால், "கப்பல்ல வந்ததெல்லாம் வேற கவுண்டர்," என்று என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவான்.

இத்தனையும் கேட்டும் எனக்கு எந்த மரமும் வேம்புதான். வேம்பு என்று சொன்னால் சென்னையில் பாதி நேரம் சரியாக இருக்கும் என்பது என் கணக்கு. இந்தக் கணக்கு லஸ் பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மானத்தை வாங்கியது. யாராவது ஒருவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டு மரத்தைத் தொட்டுச் சொல்லச் சொல்வது அங்கே வழக்கம். என்னிடமிருந்த துண்டாலேயே என் கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டார்கள். நான் திசை தப்பித் தடவிக்கொண்டே போய் ஒன்றைக் கட்டிப்பிடித்தேன். கரடுமுரடு. நெடுக்கில் வெடிப்பு. வெடிப்புக்கு இரண்டு பக்கமும் மேடு. "வேம்பு!" என்று கத்தினேன். "நல்ல முதிர்ந்த நாட்டு வேம்பு! உள்ளே ஈரம் ஓடுறதுகூடக் கைக்குத் தெரியுது!" பூங்காவே சிரித்தது. மைத்துனன் மட்டும் சிரிக்காமல் வந்து துண்டை அவிழ்த்துவிட்டான். சிமெண்டில் அடிமரம் போலச் செய்து, பட்டைக்குக் கோடு கீறி, பழுப்புச் சாயம் அடித்து நிறுத்தியிருப்பார்களே, அந்தத் தூணை நான் தழுவிக்கொண்டிருந்தேன்.

"இது கொத்தனார் நட்டது அத்தான்," என்றான் துக்கம் விசாரிக்கும் குரலில். "தண்ணி ஊத்த வேண்டாம். வருஷத்துக்கு ஒருக்கா பெயிண்ட் பூக்கும்."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே அவன் மறுப்பதற்குத் தயாராக நிற்பான். "இல்ல அத்தான்." "அய்யய்ய, இல்ல." "எவன் சொன்னான் ஒங்களுக்கு?" எங்கள் உறவே அந்த 'இல்ல'வில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மரம் என்றில்லை, அரசியல், கிரிக்கெட், ரசத்தில் உப்பு எதைச் சொன்னாலும் முதலில் ஒரு 'இல்ல' வரும். கடையில் அவன் மறுக்காத நாளில் அவனுக்குக் காய்ச்சல் என்று தெரிந்துகொள்வேன்.

ஒரு நாள் காலை, கடையில் கூட்டமில்லாத நேரம். அசோக் நகரிலிருந்து ஓர் அம்மாள் மகள் கல்யாணச் சீருக்குக் குடம் பார்க்க வந்திருந்தார். மைத்துனன் குடத்தை முட்டியால் தட்டினான். தலையை ஆட்டினான். ஏதோ சொன்னான். அவன் வாயிலிருந்து வந்தது ஒரு வார்த்தை மாதிரி இருந்தது, ஆனால் வார்த்தை இல்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் அவனைப் பார்த்தேன். அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மடக்கிய விரல்கள் குடத்தின் மேலேயே இருந்தன, எடுக்க வரவில்லை.

ஆஸ்பத்திரி, ஸ்கேன், மூளையில் இடது பக்கம் அடைப்பு என்று டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் நான் யாருக்கோ நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் ஊசி போட்டபிறகு கன்னம் அங்கேதான் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. அப்படி. பார்க்க வந்தவர்களிடம் நான் வழக்கம்போல வேடிக்கையாகவே பேசிக்கொண்டிருந்தேன். வாய் பாட்டுக்குப் பேசியது. ஆஸ்பத்திரி கேண்டீன் காபியைப் பற்றி நான் சொன்ன ஒரு ஜோக்குக்கு நர்ஸுகள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு அழுகையே வராதா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. அழுகை மட்டுமில்லை, எதுவும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, வலது கால் இழுத்தது. இடது கையில் நாலு கால் ஊன்றுகோல். பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் திரும்பி வந்திருந்தது. ஆமா. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் படங்களைக் காட்டுவாள். குடையைக் காட்டி, "இது குடையா?" என்பாள். "ஆமா." அதே குடையைக் காட்டி, "இது நாயா?" "ஆமா." சாப்பிட்டாயா, ஆமா. சாப்பிடவில்லையா, ஆமா. ஆயுசு முழுக்க மறுத்துக்கொண்டே இருந்தவன், கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்பவன்போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கேட்கிற எங்களுக்குத்தான் அது தாங்கவில்லை. அந்தப் பெண் எங்களை உட்கார வைத்துச் சொன்னாள்: "இவர் தானா ஒரு விஷயத்தை மறுக்கணும். அதுதான் நமக்கு முதல் நூல்முனை. அதைப் பிடிச்சு மெதுவா இழுத்துப் பார்க்கலாம். முன்னாடி இவர் எதைக் கேட்டா உடனே மறுத்துப் பேசுவார்?"

என் மனைவியும் அவன் மனைவியும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவன் என்னைய அக்கான்னு கூப்பிடக்கூட வேண்டாம். நீங்க சொல்லுதது தப்புன்னு ஒரே ஒரு தடவ சொல்லட்டும். அது போதும் எனக்கு."

இப்படியாக, வாழ்க்கையில் முதல் தடவையாக என் தகுதிக்கேற்ற வேலை கிடைத்தது. தினமும் காலையில் அவனைக் கீழே இறக்கி, வலது பக்கம் நின்று தாங்கிக்கொண்டு, தெருவோரத்து மரங்களிடம் கூட்டிப்போவேன். அவன் ஊன்றுகோலை விட்டுவிட்டு இடது கையைப் பட்டைமேல் வைக்கும்வரை அவன் பாரம் முழுக்க என் தோளில் இருக்கும். "மாப்ள, இது பூவரசுதானே?" என்று வேம்பைக் காட்டிக் கேட்பேன். "ஆமா." "இந்த மகிழமரம் நல்லா காய்க்குது, மாங்காயா?" "ஆமா." தெருமுனையில் இளநீர் விற்கிறவர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா சார், டெய்லி இவரை இட்டுக்கினு வந்து மரத்தாண்ட நின்னு பேசிக்கினு கீற? மரம் எதுனா பதில் சொல்தா?"

"பதில் வர்ற வரைக்கும் கேக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"எனுக்குத் தெர்ஞ்சது தென்னை ஒண்ணுதான் நைனா. அதுல டவுட்டு இருந்தா சொல்லு," என்று சீவிய இளநீரை மைத்துனன் வலது கையில் கொடுக்கப் பார்த்து, அது தொங்குவதைக் கவனித்து, ஸ்ட்ராவை அவன் வாயருகே பிடித்துக்கொண்டார்.

ஒரு நாள் டீச்சரம்மா நாங்கள் நின்ற தெருவழியாக வந்தார். நான் மும்முரமாக, "மாப்ள, இது புங்கம்," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் "ஆமா" என்றான். டீச்சரம்மா, "அடடே, கரெக்டாச் சொல்லிட்டேளே!" என்றார். அது உண்மையிலேயே புங்கம். அப்படியென்றால் இத்தனை நாளில் எத்தனை தடவை நான் தெரியாத்தனமாகச் சரியாகச் சொல்லித் தொலைத்தேனோ? நான் சரியாகச் சொன்னதால், மறுக்க ஒன்றுமில்லாமலே எத்தனை நாள் வீணாய்ப் போனதோ? தப்பாகச் சொல்வது நினைத்த அளவுக்குச் சுலபமான வேலை இல்லை. திட்டமாகத் தப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் சரியானது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். வருஷக்கணக்கில் நான் இயற்கையாகச் செய்துவந்த காரியத்துக்கு இப்போது படிக்க வேண்டியதாகிவிட்டது.

டீச்சரம்மாவிடம் போய் நின்றேன். "என்ன சார், இத்தனை நாளா பொங்கலுக்காகத்தானே வந்துண்டிருந்தேள்?" என்றார். காரணத்தைச் சொன்னதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பினார். கடைக்குப் போகுமுன், கடையிலிருந்து வந்தபின், தனியாகவும் நடந்தேன். தொப்பி விளிம்பை நானே பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டேன். பூவரசின் பட்டை முதிர்ந்தால் மரு மருவாக ஆவதையும், புன்னையின் வெடிப்புகள் சிறு படகுகள்போல நடுவில் அகன்று இரண்டு முனையும் கூர்ந்திருப்பதையும், ஏழிலைப்பாலை இலவைப் போலவே அடுக்கடுக்காகக் கிளை விட்டாலும் அடிமரத்தில் முள் இல்லாமல் நிற்பதையும் கற்றுக்கொண்டேன். எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இருந்ததாக ஞாபகமில்லை. பட்டை என்பது மரத்தின் உயிரில்லாத பாகம், உயிர் அதற்கு உள்ளே மெல்லிய படலமாக ஓடுகிறது என்று டீச்சரம்மா சொன்னார். நான் தலையாட்டினேன். அந்த நாட்களில் அது எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமாக இல்லை. வெளியே கரடுமுரடாக, காய்ந்துபோய், ஆனால் நேரத்துக்கு எழுந்து, பல் தேய்த்து, ஜோக் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் இருக்க முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நான் சொன்னவை எல்லாம் உத்தரவாதமான தப்புகள். வேம்பை மருது என்றேன். மருதை இலவு என்றேன். முள்ளைக் காட்டி வழவழப்பு என்றேன். எல்லாவற்றுக்கும் அவன் முகத்தில் அதே மரியாதை, அதே "ஆமா". கடைசியில் என்னிடம் இருந்த பெரிய ஆயுதத்தை எடுத்தேன். ஆட்டோ வைத்து லஸ் பூங்காவுக்கு அவனைக் கூட்டிப்போய், சிமெண்டுத் தூணுக்கு எதிரே நிறுத்தினேன். அந்த வருஷத்துப் பெயிண்ட் புதிதாகப் பூத்திருந்தது. அவன் இடது கையை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

"மாப்ள, நாட்டு வேம்பு. உள்ளே ஈரம் ஓடுது பாரு."

அவன் உள்ளங்கையால் தடவினான். பிறகு, நான் சொல்லாமலே, விரலை மடக்கி முட்டியால் தட்டினான். இன்னொரு தடவை தட்டினான். தலையைச் சாய்த்து, பாத்திரக் கடையில் கேட்பதுபோலக் கேட்டான். பக்கத்தில் நடைபோகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஆமா," என்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் எந்த மரத்தையும் காட்டிக் கேட்கவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி எங்கள் வாசலுக்கு நடந்தோம். வாசலுக்கு எதிரே ஒரு மரம் இருக்கிறது. தினம் பார்க்கிற மரம் என்பதால் அதைப் பரீட்சைக்கு வைத்ததே இல்லை. அதன் நிழலில் அவன் மூச்சு வாங்க நின்றான். நானும் நின்றேன். இனி இந்த வேலையை விட்டுவிடலாமா, மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தது. மழை வருமா என்று பார்ப்பதற்காக, வேறு எந்த எண்ணமும் இல்லாமல், நான் நிமிர்ந்து மேலே பார்த்தேன்.

ஊன்றுகோல் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அவன் பாரம் என் தோளில் இறங்கியது. விழப்போகிறான் என்று நினைத்து இரண்டு கையாலும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அப்போது தொப்பியின் விளிம்பு இழுபட்டது. கோணலாக, இடது பக்கமாக, பலமில்லாமல். ஆனால் கீழே. வானம் போயிற்று, மாடி போயிற்று. மூக்குக்கு நேரே கருத்த பட்டை, செதில் செதிலாக.

நான் அசையவில்லை. தொப்பியைச் சரி செய்யவும் இல்லை. கீழ கரி, மேல வெளுப்பு. மேலே பார்க்காமலே தெரிந்தது.

"நாவல், மாப்ள," என்றேன். அவனிடம் பல மாதமாக நான் தெரிந்து சொன்ன ஒரே சரியான பதில்.

"ஆமா," என்றான்.

அவனை மேல் வீட்டில் விட்டுவிட்டுக் கீழே வந்ததும் என் மனைவி வழக்கம்போலக் கேட்டாள், "இன்னைக்காவது மறுத்தானா?" மறுத்தான் என்றேன். என்ன சொன்னான் என்று கேட்டாள். கோணலாக இருந்த தொப்பியைக் கழற்றாமல் அவளிடம் காட்டினேன். அவள் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் தொட்டுக்கொண்டே நின்றாள். அவள்தான் அழுதாள். எனக்கு அன்றும் வரவில்லை.

அவன் வாயில் இன்றுவரை அந்த ஒரு வார்த்தைதான். பயிற்சிக்கு வரும் பெண் நம்பிக்கையோடுதான் இருக்கிறாள். கடையை அவன் மனைவி பார்த்துக்கொள்கிறாள். நாற்காலி இன்னும் என்னிடமே இருக்கிறது. கதவுக்குப் பின்னால் தொங்கும் தொப்பியில் இப்போது இரண்டு மடிப்புகள். நடுவில் பழையது, நேராக, ஆழமாக. இடது ஓரத்தில் புதியது, சாய்வாக, இன்னும் சரியாகப் பதியாமல். துவைத்துத் தருகிறேன் என்று மனைவி கேட்டாள், கொடுக்கவில்லை. காலையில் அதைப் போட்டுக்கொண்டு அவனைக் கீழே இறக்குகிறேன். மரத்துக்கு எதிரே நிற்கிறோம். சில நாள் அந்தக் கை வருகிறது, பல நாள் வருவதில்லை. எந்த மரத்துக்கும் எனக்கு இப்போது இலை தேவையில்லை. ஆனாலும் நிமிர்ந்து மேலே பார்க்கிறேன்.